சுண்டலிடம் சொன்ன மூன்று சொற்கள்

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. இது சரிப்பட்டு வராது என்று இரண்டு பேருக்குமே முதலில் தோன்றியது.

குருவின் பெயர் செய்யதலி பாத்திமா. மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே மொட்டை மாடியில் கம்பிவலை அடித்து நாற்பது பறவைகள் வளர்த்தார். அதில் எதுவும் அவரைக் கண்டு ஒதுங்காது. யார் வீட்டுப் பறவை முரண்டு பிடித்தாலும் கூண்டோடு தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போவார்கள்.

சீடர் கோமதிநாயகம். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் முப்பத்திரண்டு வருடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுவதில் கெட்டிக்காரர். தெருவில் அவரைக் கண்டால் பிள்ளைகள் பக்கத்துச் சந்தில் புகுந்துவிடும். பெரியவர்கள்கூட கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வணக்கம் சொல்வார்கள்.

அவர் ஒரு திங்கட்கிழமை காலையில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டோடு தையல் கடைக்கு வந்தார்.

"இது என்னது அண்ணாச்சி?"

"வித்தை படிக்க வந்திருக்கேன். வெறுங்கையோட வரலாமா?"

"நான் ஜாக்கெட் தைக்கிறவ. என்ன வித்தை?"

"எங்க வீட்டுப் பறவை என் கையில உக்காரணும். அதுக்கு வழி சொல்லணும் குருவே."

"குருவேன்னு கூப்பிட்டா கடைக்கு வர்ற பொம்பளைங்க சிரிப்பாங்க. பாத்திமான்னே கூப்பிடுங்க."

"சரி குருவே" என்றார் கோமதிநாயகம்.

பறவை அவர் மகள் வடிவு வளர்த்தது. காக்டெய்ல் என்று கடையில் சொல்லி விற்பார்களே, அந்த வகை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. பெயர் சுண்டல். வடிவு கல்யாணமாகி ஓசூர் போனாள். அங்கே மாமியாருக்கு இழுப்பு, இறகு ஆகாது. அதனால் சுண்டல் அப்பாவிடம் தங்கிவிட்டது. மனைவி தவறிய வீட்டில் அவருக்குத் துணை அது ஒன்றுதான். ஆனால் அவர் அறைக்குள் நுழைந்தாலே கொண்டை நட்டமாக நிற்கும். கூண்டின் கடைசி மூலைக்குப் போய்க் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

"போன வாரம் மக போன்ல பாத்தா. 'அப்பா, அது உங்களக் கண்டு நடுங்குது, பாவம். அஞ்சு ஞாயித்துக்கெழமை கழிச்சு வாறேன், இங்க பறவை வளக்குறவங்கள்ட்ட குடுத்துருவோம்'னுட்டா" என்றார் கோமதிநாயகம். "அது போயிட்டா வீட்டுல நானும் சுவரும்தான். எனக்கு அது வேணும்."

பாத்திமா மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார். "அதுகூடப் பேசுவீங்களா?"

"ஓயாமப் பேசுவேன்."

"அடிச்சிருக்கீங்களா?"

"சேச்சே. கால்ல புண்ணு. மாட்டாஸ்பத்திரி டாக்டர் களிம்பு எழுதிக் குடுத்தாரு. ரெண்டு வேளையும் துண்டால பொதிஞ்சு புடிச்சு, நான்தான் தடவுதேன். பச்சப் புள்ளயத் தொடுத மாதிரித்தான் தொடுவேன்."

"சரி. ஒரு வாரம் அதுகிட்ட நீங்க என்ன பேசுதீங்கன்னு கவனிச்சுட்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கோமதிநாயகத்துக்கு ஏமாற்றம். பெரிய வித்தை ஏதோ இருக்கிறது, தட்டில் பழம் குறைந்துவிட்டதால் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் ஆகவில்லை. நாலாம் நாளே ஓடி வந்தார். ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மற்றதில் பழுப்பு. கையில் லட்டுப் பொட்டலம். கடையில் அளவு கொடுக்க நின்ற இரண்டு பெண்கள் அவரைப் பார்த்ததும் கையை மறைத்துக்கொண்டார்கள்.

"குருவே, பேசிட்டு. சுண்டல் பேசிட்டு."

"நெசமாவா?"

"ஏன் பொய் சொல்லுதேன். தெருவே கேட்டுது. வாயத் தொறந்து, தெளிவா, என் குரல்லயே பேசிச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எடுத்துக்கிடுங்க, எல்லாரும் எடுத்துக்கிடுங்க."

"என்ன சொல்லிச்சு?"

கோமதிநாயகம் கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, சுண்டலாகவே மாறிச் சொன்னார். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல."

பெண்கள் சிரித்தார்கள். பாத்திமா மிஷினிலிருந்து காலை எடுத்தார்.

"எப்பம் சொல்லிச்சு?"

"நேத்து சாயங்காலம். ஜன்னல்ல பூனை வந்து எட்டிப் பாத்துது. ஒடனே, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுட்டு."

"அதுக்கப்புறம்?"

"இன்னைக்குக் காலையில மதில்ல பருந்து வந்து உக்காந்துது. அப்பமும் அதேதான். குக்கர் விசிலடிச்சப்பமும் சொல்லிச்சு." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எவ்வளவு அறிவு பாருங்க. பயம் வந்தா தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கிடுது. நான் சொல்லுத வார்த்தை. களிம்பு தடவும்போது அதத்தான் சொல்லுவேன்."

பாத்திமா லட்டை எடுக்கவில்லை. அந்தப் பெண்களை அனுப்பிவிட்டு எழுந்து வந்தார். மேஜையிலிருந்து எதையோ எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, சட்டைக் கையை மேல சுருட்டுங்க."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"எதுக்குன்னு கேக்கேன்."

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே பாத்திமா நெருங்கினார். "எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்."

கோமதிநாயகம் பின்வாங்கினார். பிளாஸ்டிக் நாற்காலி உருண்டது. முதுகு துணி அலமாரியில் போய் முட்டியது. முப்பத்திரண்டு வருடம் தினமும் சொன்ன வாக்கியத்தை அவர் எதிரில் நின்று கேட்டது அன்றுதான்.

பாத்திமா கையைத் திறந்து காட்டினார். உள்ளே துணியில் கோடு போடுகிற சாக்கட்டி.

"வெறும் சாக்கட்டி" என்றார் கோமதிநாயகம்.

"நானும் அதத்தான சொன்னேன், ஒண்ணுமில்லன்னு."

அவர் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். வேர்த்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் அது பேசல" என்றார். "கத்தியிருக்கு. ஒண்ணுமில்லன்னா அதுக்கு ஆபத்து வருதுன்னு அர்த்தம்."

பாத்திமா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"எத்தன பிள்ளையள்ட்ட சொல்லியிருப்பேன்" என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார் அவர். வெட்கமாக இருந்தது. லட்டுப் பொட்டலத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இனி வாயே தொறக்கல. பேசாமக் களிம்பு போட்டுட்டுப் போயிருதேன். சரியா குருவே?"

"மாடிக்கு வாங்க" என்றார் குரு.

மாடியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாத்திமாவைக் கண்டதும் நாற்பது பறவையும் ஒரே சத்தம். அவர் வலைக்குள் போனார். ஒரு நீலப் பறவை வந்து தோளில் உட்கார்ந்து காதுத் தோட்டைக் கடித்தது. பாத்திமா இடுப்பிலிருந்து நகவெட்டியை எடுத்து அதற்குக் காட்டினார்.

"நகம்."

நீலப் பறவை உடனே பறந்துபோய் மேல் கொம்பில் உட்கார்ந்துகொண்டது. பாத்திமா சும்மா நின்றார். பறவை இறங்கி வரவில்லை. நகவெட்டியைத் திரும்ப இடுப்பில் செருகி, வெறும் கையை நீட்டினார். பறவை மறுபடியும் தோளுக்கு வந்தது.

கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. "தோள்லதான இருந்துது. சொல்லாமப் புடிச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சிருக்கும்."

"பெறகு என்ன?"

"பெறகு நான் வந்தாலே ஓடும். இப்பம் நகம்னா மட்டும்தான் ஓடுது."

கோமதிநாயகம் தோளில் இருந்த பறவையைப் பார்த்தார். பாத்திமாவைப் பார்த்தார். மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். அறுபத்தொரு வயதில் அது தேவையில்லாத வேலைதான், ஆனால் அவருக்கு அன்று நிற்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் மூன்று சொல்லை எடுத்துக்கொண்டார். களிம்பு போடுமுன் துண்டைக் காட்டி "மருந்து" என்பார். தினைக்கதிரை நீட்டுமுன் "தினை" என்பார். சாயங்காலம் அறைக்குள் ஒரு மணி நேரம் பறக்கவிட்டுத் திரும்ப அடைக்கும்போது "கூண்டு" என்பார். சொன்னதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. தினை என்று சொல்லிக் களிம்பு தடவுவதில்லை.

சொல்வதற்கு எளிது. முதல் வாரம் அவருடைய நாக்குதான் அவருக்குப் பகை. பழகின மாடு தொழுவத்துக்குப் போகிற மாதிரி அது "ஒண்ணு" வரைக்கும் போய்விடும். பாதியில் விழுங்குவார். கடைசியில் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார். நாக்கு அந்தப் பக்கம் திரும்பினால் கிராம்பைக் கடிப்பார். நாலு நாளில் வாய் பொத்துப்போனது.

சுண்டலும் லேசில் விடவில்லை. "மருந்து" என்றால் கூண்டை இரண்டாக்கியது. அவர் விரலில் கொத்திய இடங்களுக்கும் அதே களிம்பு போட வேண்டியிருந்தது. "கூண்டு" என்றால் திரைச்சீலைக் கம்பியில் ஏறிக்கொண்டு இறங்காது. அவர் கீழே நாற்காலி போட்டுக் காத்திருப்பார். ஒருநாள் இரவுச் சாப்பாடே அந்த நாற்காலியில்தான்.

இரண்டாம் வாரம் ஒரு காலையில் அவர் சும்மா அறைக்குள் நுழைந்தார். சுண்டல் மூலைக்கு ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தலையைச் சாய்த்துக் கேட்டது.

அவர் மெதுவாக வெளியே வந்து, கதவைச் சாத்தி, குருவுக்குப் போன் போட்டார்.

"காத்துக்கிட்டு நிக்கி குருவே. ஓடல. நான் என்ன சொல்லுதேன்னு கேக்கதுக்கு நிக்கி."

"மணி அஞ்சரை அண்ணாச்சி."

"தெரியும். உங்கள்ட்ட சொல்லாம யாருட்ட சொல்ல."

அதன்பிறகு தினமும் அஞ்சரைக்கு ஒரு செய்தி. இன்றைக்குத் தினை என்றதும் முன்கம்பிக்கு வந்தது. இன்றைக்கு மருந்து என்றதும் ஓடியது, ஆனால் அரைக் கூண்டு தூரம்தான். இன்றைக்குக் கூண்டு என்றதும் தானே உள்ளே போனது, நான் நாற்காலியே எடுக்கவில்லை. பாத்திமா பல் தேய்த்துக்கொண்டே "உம்" கொட்டுவார். கையில் உட்கார்ந்ததா என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அது மட்டும் இன்னும் நடக்கவில்லை. முழங்கை தூரம் வரும், நிற்கும். கழுத்தை நீட்டிக் கதிரைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை வடிவு வந்துவிட்டாள்.

ரயிலிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்து, பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. "சுண்டல்" என்று ஓடிப்போய்க் கூண்டைத் திறந்தாள். தெருக்கதவை யாரும் சாத்தவில்லை. எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். வடிவின் தலைக்கு மேல் ஒரு சாம்பல் வீச்சு. வாசல் காலியாக இருந்தது.

எதிர்வீட்டு வாதமரத்தின் நடுக்கொப்பில் சுண்டல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வெளியே அது பறந்ததே இல்லை. இரண்டு காக்கை வந்தது. பிறகு ஆறு வந்தது. பிறகு எண்ண முடியவில்லை.

தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. ஏணி கொண்டாங்க என்றார் ஒருவர். பெட்ஷீட்டை நாலு மூலையில் பிடிங்க என்றார் இன்னொருவர். ஒருவர் காக்கையை விரட்டக் கல்லெடுத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. வடிவு அழுதுகொண்டே கையை மேலே நீட்டினாள்.

"ஒண்ணுமில்லடா சுண்டல். ஒண்ணுமில்ல. வா."

சுண்டல் இரண்டு கொப்பு மேலே ஏறியது.

"ஒண்ணுமில்லடா."

இன்னும் ஒரு கொப்பு.

"ஏட்டி வடிவு" என்று உள்ளேயிருந்து வந்தார் கோமதிநாயகம். "எது வேணா சொல்லு, அந்த வார்த்தையை மட்டும் சொல்லாத." கையில் தினைக்கதிர் இருந்தது. "எல்லாரும் செத்த நேரம் பேசாம நில்லுங்க."

ஊசி போட்ட கைக்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. எல்லாரும் வாயை மூடினார்கள்.

அவர் மரத்தடிக்குத் தனியாக நடந்து போனார். கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"தினை."

காக்கைகள்தான் பதில் சொல்லின. ஒன்று தாழ்வாக வந்து சுண்டலின் முதுகை உரசிப் போனது. நாலு சாம்பல் இறகு சுற்றிச் சுற்றி இறங்கின. வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தினை" என்றார் கோமதிநாயகம் மறுபடியும். தினமும் காலையில் சொல்வதைப் போலவே சொன்னார்.

சுண்டல் தலையைச் சாய்த்தது. ஒரு கொப்பு இறங்கியது. நின்றது. இன்னொரு கொப்பு இறங்கியது. பிறகு கொப்பை விட்டுவிட்டுக் காற்றில் வந்தது. வந்து, முழங்கை தூரத்தில் நிற்காமல், அவர் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

பூப்போல என்று எழுத ஆசைதான். ஆனால் நகம் நன்றாகவே குத்தியது. அவருக்கு அது தெரியவில்லை. கை ஆடிவிடக் கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது. கண்ணில் நீர் வந்து கன்னத்தில் இறங்கியது. துடைக்க இன்னொரு கை இருந்தும் அவர் அதை அசைக்கவில்லை. சுண்டல் தினையைத் தின்னத் தொடங்கியது.

வடிவு பூனை நடை நடந்து பின்னால் வந்தாள். "அப்பா, புடிச்சிருங்க" என்று மூச்சுக்குள் சொன்னாள்.

பிடிப்பது அவருக்குப் பெரிய காரியமா. திமிறுகிற பிள்ளையின் கையை இரண்டு விரலில் அசையாமல் நிறுத்தியவர். கட்டைவிரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும், சுண்டலின் கால் மாட்டிக்கொள்ளும். காக்கைகள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டு வாசல் நாற்பது அடி தூரத்தில் இருந்தது.

"புடிங்கப்பா."

"தினைன்னு சொல்லித்தான்ட்டி கூப்பிட்டேன்" என்றார் அவர். "தின்னட்டும்."

கதிர் தீர்ந்தது. சுண்டல் அலகை அவர் சட்டையில் துடைத்தது. கோமதிநாயகம் நடக்க வேண்டும். சொல்லாமலே நடந்திருக்கலாம். அது மணிக்கட்டில் சுகமாகத்தான் இருந்தது. அவர் அதன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கூண்டு."

"ஐயோ அப்பா" என்றாள் வடிவு.

சுண்டலின் கொண்டை நட்டமாக நின்றது. மரத்தைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது. சிறகு இரண்டும் உடம்பை விட்டு ஒரு விரல்கடை விலகின. கோமதிநாயகத்தின் நெஞ்சு அடித்த அடியில் சட்டைப்பை குதித்தது. ஆனாலும் கட்டைவிரலை அவர் நகர்த்தவில்லை.

தூக்கிய காலை அது மணிக்கட்டிலேயே திரும்ப வைத்தது.

அவர் நடந்தார். நாற்பது அடி. வாசல்படியில் காலை வைக்கும்போது இன்னொரு தடவை, "கூண்டு" என்றார். அறைக்குள் போய்க் கூண்டின் வாயில் கையை வைத்தார். சுண்டல் இறங்கி உள்ளே போய், தண்ணீர் குடித்தது.

தெருவில் ஒரே ஆரவாரம். வடிவு அப்பாவின் கையைப் பிடித்து நகம் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஓசூரில் சுண்டலை வாங்கிக்கொள்ள இருந்த பெண்ணுக்குப் போன் போட்டாள். "அக்கா, பறவை வராது. அப்பா தர மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்" என்றாள்.

அன்று குருவுக்குப் போன் போகவில்லை. இது போனில் சொல்கிற சங்கதி இல்லை. மறுநாள் காலையில் கடை திறக்குமுன்பே கோமதிநாயகம் வாசலில் நின்றார். பாத்திமா பூட்டைத் திறப்பதற்குள் வாதமரம் வரைக்கும் சொல்லிவிட்டார். காக்கை, ஏணி, பெட்ஷீட், கல், ஒன்றையும் விடவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அந்தக் கையை இறக்க மறந்து அப்படியே மீதியையும் சொன்னார். பாத்திமா ஊசியில் நூல் கோக்காமல் கேட்டார். கண் இரண்டும் மின்னியது.

"கையில உக்காந்துட்டு குருவே."

"உக்காந்துட்டு" என்றார் பாத்திமா. சிரித்தார்.

கோமதிநாயகம் கையை இறக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்தோஷத்துக்கு நடுவில் ஒன்று அவரை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

"ஒண்ணு கேக்கணும். கூண்டுன்னு நான் சொன்னப்பம் அது காலைத் தூக்கிட்டு. அப்பமே பறந்து போயிருந்தா? இந்த அஞ்சு வாரமும் நான் சேத்த நம்பிக்கை பூராவும் போயிருக்குமே."

பாத்திமா நூல் நுனியைக் கூராக்கி, ஊசிக்கண்ணில் கோத்து, முடிச்சுப் போட்டார்.

"பறந்திருந்தாலும் உங்க வார்த்தைய நம்பித்தான் அண்ணாச்சி பறந்திருக்கும்."